மணலைத் தோண்டுவது கடைசி வேலை: கழிமுகம் பற்றிய வாசகர் கேள்விகள்

கழிமுகத்தையும் அதற்குத் தண்ணீர் கொடுக்கும் நிலப்பரப்பையும் காக்கத் திட்டம் போடுவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒரு கேள்வியில் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஊர் முகத்துவாரம் தை மாதமே மணலால் அடைத்துக்கொள்கிறது. பொக்லைன் வைத்துத் திறந்தால் சில வாரத்தில் மறுபடி மூடிவிடுகிறது. இரண்டு பக்கமும் கருங்கல் கொட்டி நிரந்தரமாகத் திறந்துவைக்க முடியாதா?
— மரக்காணம் பக்கத்து மீனவர் பஞ்சாயத்தார்

முடியும். ஆனால் வடக்கே இருக்கிற ஊரின் கரை போகும். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தெற்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில், அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறது. வாடைக் காலத்தில் மட்டும் திசை மாறுகிறது. கடலுக்குள் கல் நீட்டினால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் அரிக்கும். சென்னைத் துறைமுகத்தின் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் கரை அரித்துப்போனதும் இந்தக் கணக்கில்தான்.

அதற்கு முன்னால் உங்கள் முகத்துவாரம் வருடம் முழுக்கத் திறந்திருக்கக் கூடியதுதானா என்று பாருங்கள். ஒரு கடல் ஏற்றத்தில் கழிக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறி இறங்குகிறது என்பதே இதைத் தீர்மானிக்கிறது. கழியின் பரப்பு 60 ஹெக்டேர், உள்ளே நீர்மட்டம் அரை மீட்டர் ஏறி இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏற்றத்துக்கு 3 லட்சம் கன மீட்டர். கரையோரம் நகரும் மணலும் ஆண்டுக்கு 3 லட்சம் கன மீட்டர் என்றால் இரண்டுக்கும் விகிதம் ஒன்று. கடலோரப் பொறியாளர்கள் கைக்கணக்காகக் கொள்வது இது: விகிதம் 150-க்கு மேல் இருந்தால் வாய் நன்றாகத் திறந்திருக்கும், 20-க்குக் கீழே போனால் ஏற்றவற்றத்தால் மட்டும் திறந்திருக்காது, மழைவெள்ளம் வந்து உடைத்துக்கொடுக்க வேண்டும். நம்முடைய சிறு ஆறுகளின் முகத்துவாரங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஐப்பசி, கார்த்திகையில் உடையும், கோடையில் மூடும். அது நோயல்ல, அவற்றின் இயல்பு. எனவே "வருடம் முழுக்கத் திறப்பு" என்று திட்டத்தில் எழுதாதீர்கள். "இப்போது மூன்று மாதம் திறந்திருக்கிறது, அதை ஐந்து மாதமாக்குவோம்" என்று எழுதுங்கள். அதை அளந்து சரிபார்க்கலாம்.

முன்பு கூடுதல் மாதங்கள் திறந்திருந்தது என்றால், ஏன் குறைந்தது? காரணம் பெரும்பாலும் கழிக்குள்ளேதான் இருக்கும். அதே 60 ஹெக்டேரில் பாதி உப்பளக் கரையாலும் வண்டலாலும் போய், ஏற்றமும் 0.3 மீட்டராகச் சுருங்கினால் 90,000 கன மீட்டர்தான் மிச்சம். மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதலில் பார்க்க வேண்டியது சாலைப் பாலங்கள். நாலு குழாய் போட்டு மண் கொட்டிய தரைப்பாலம் ஓதத்தை, அதாவது கடலின் ஏற்றவற்றத்தை, நெரித்துவிடும். பாலத்தின் இரு பக்கமும் அளவுகோல் நட்டு, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஏற்றத்தில் அரை மணிக்கு ஒரு தடவை மட்டம் குறியுங்கள். இரண்டு கோலும் அசையாத ஓர் இடத்தில் போட்ட ஒரே மட்டக் குறியோடு பொருந்த வேண்டும், இல்லையென்றால் அளந்ததே வீண். உச்ச மட்டத்தில் 10 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் பாலத்தின் கண்களை அகலப்படுத்தக் கேட்பதே பொக்லைனைவிடப் பயனுள்ள கோரிக்கை.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால்: உள்ளே தண்ணீர் கடல் மட்டத்தைவிட உயர்ந்திருக்கும்போது, உச்ச ஏற்றம் முடிந்து வற்றத் தொடங்கும் நேரத்தில், மணல்திட்டின் மிகக் குறுகிய இடத்தில், ஒடுக்கமான வாய்க்காலாக வெட்டுங்கள். மீதியை ஓடும் தண்ணீரே அகலமாக்கிக்கொள்ளும். உள்ளே தண்ணீர் இல்லாதபோது வெட்டினால் கடல்நீர் மணலோடு உள்ளே வரும். உங்களுக்குச் "சில வாரத்தில்" மூடுவது அதனால்தான் இருக்கும். தோண்டிய மணலை வாய்க்கால் கரையிலேயே குவித்தால் அடுத்த அலை அதையே திரும்பக் கொண்டுவந்து போடும், ஆகவே வடக்குக் கடற்கரையில் பரப்புங்கள். இது கடலோர ஒழுங்குமுறை மண்டலம், அனுமதி வாங்காமல் எந்திரம் இறக்க வேண்டாம்.

திட்டத்தின் எல்லையை எங்கே வைப்பது? கழிமுகம் இரண்டு கிலோமீட்டர்தான். அதற்கு மேலே ஆறு வேறு மாவட்டத்தில் இருக்கிறது.
— கல்லூரி ஆசிரியர், கடலூர்

எல்லையை மாவட்டம் முடிவு செய்யக் கூடாது, மழைத்துளி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் முடிவு செய்ய வேண்டும். சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தையும், 30 மீட்டர் இடைவெளியுள்ள செயற்கைக்கோள் உயர வரைபடத்தையும் எடுத்துக் கணினியில் எல்லை வரையலாம். மேட்டு நிலத்தில் அது சரியாக வரும். கடலோரச் சமவெளியில் தப்பாக வரும். அங்கே சாய்வு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இருக்காது, ரயில் பாதை, கிழக்குக் கடற்கரைச் சாலை, பக்கிங்காம் கால்வாய் எல்லாம் தண்ணீரைத் திருப்பிவிடும். சாலைக்கடியில் ஒரு கல்வெர்ட் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது செயற்கைக்கோளுக்குத் தெரியாது. மழை நின்ற மறுநாள் நடந்துபோய்ப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு கண்ணி உண்டு: ஏரிச் சங்கிலி. ஓர் ஏரியின் கலுங்கு வழிந்தால் எந்த ஏரிக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். சென்னையின் அடையாற்றைப் பாருங்கள். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அதிகபட்சமாக விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதே எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்த நீரும் அதே ஆற்றில்தான் இறங்கியது. அந்தப் பக்கத்தைத் தடுத்து நிறுத்த மதகுகள் கிடையாது. செம்பரம்பாக்கத்தை மட்டும் வைத்து அடையாறு கழிமுகத்துக்குத் திட்டம் போட்டால் பாதி ஆறு விட்டுப்போகும்.

எல்லை முழுவதற்கும் வேலை போட வேண்டும் என்பதில்லை. எல்லை முழுவதற்கும் கணக்கு இருக்க வேண்டும்.

சாக்கடை, வயல், இறால் பண்ணை என்று ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். யாரால் எவ்வளவு அழுக்கு என்று எப்படிப் பிரிப்பது?
— பேரூராட்சி கவுன்சிலர், நாகப்பட்டினம் மாவட்டம்

ஒரே ஒரு வாய்ப்பாடு மனப்பாடமாக இருக்கட்டும்: லிட்டருக்கு மில்லிகிராம் × நாளுக்கு மில்லியன் லிட்டர் = நாளுக்குக் கிலோ. விநாடிக்கு ஒரு கன அடி ஓட்டம் என்பது நாளுக்கு 2.45 மில்லியன் லிட்டர். இந்த இரண்டும் தெரிந்தால் எந்த வாய்க்காலையும் கணக்குக்குள் கொண்டுவரலாம்.

மத்திய அரசின் கழிவுநீர்க் கையேடு ஆளுக்கு ஒரு நாளைக்கு பி.ஓ.டி. (கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 27 கிராம், நைட்ரஜன் 5.4 கிராம் என்று கொள்கிறது. 50,000 பேர் உள்ள ஊருக்கு பி.ஓ.டி. 1,350 கிலோ, நைட்ரஜன் 270 கிலோ. தண்ணீரோ ஆளுக்கு 108 லிட்டர் வீதம் 5.4 மில்லியன் லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் பி.ஓ.டி.யை லிட்டருக்கு 10 மில்லிகிராமாகக் குறைத்தால் வெளியே போவது 54 கிலோதான். காகிதத்தில் அருமை. ஆனால் நைட்ரஜனைத் தனியாக நீக்கும் அமைப்பு இல்லாத நிலையத்தில் அம்மோனியா நைட்ரேட்டாக உருமாறி, பெரும்பகுதி அப்படியே கழிக்குப் போகிறது. நாற்றம் போன பிறகும் கழி பச்சைப் பாசியாக நிற்பது இதனால்தான். ஒப்பந்தம் போடும்போதே மொத்த நைட்ரஜனுக்கும் வரம்பு எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று: நிலையம் கட்டி முடித்து, வீட்டு இணைப்பு கொடுக்காமல் விட்டால் எல்லாம் பழையபடி மழைநீர் வடிகாலில்தான் போகும். நிலையத்துக்கு எவ்வளவு நீர் வந்து சேருகிறது என்ற மீட்டர் கணக்கை மன்றக் கூட்டத்தில் கேளுங்கள். கட்டிய கொள்ளளவில் பாதிகூட வரவில்லையென்றால் கோளாறு குழாயில் இருக்கிறது, நிலையத்தில் இல்லை.

வயலுக்கு வருவோம். நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் 1,000 ஹெக்டேருக்கு 150 டன். ஊர்ச் சாக்கடையின் ஆண்டுக் கணக்கு சுமார் 98 டன். இரண்டையும் நேராக ஒப்பிடக் கூடாது. வயலில் போட்டதில் பெரும்பகுதி பயிருக்கும் காற்றுக்கும் போய்விடும், வடிகாலுக்கு வருவது ஒரு பகுதிதான். அந்தப் பகுதி எப்போது கூடும் என்றால், கனமழைக்கு முந்திய நாள் யூரியா தூவும்போது. ஒரே தடவையாகப் போடாமல் நாலு தவணையாகப் பிரித்துப் போடுவதும், தூவிய பிறகு சில நாள் வடிமடையை அடைத்துவைப்பதும் செலவில்லாத வேலைகள். உழவர்களிடம் "கழிக்காக" என்று கேட்பதைவிட "உங்கள் மூட்டை வீணாகாமல்" என்று கேட்டால் நடக்கும்.

இறால் பண்ணையில் கவனிக்க வேண்டியது அறுவடை நாள். குளத்தை வடிக்கும்போது கடைசியாக வெளியேறும் பத்திலிருந்து இருபது சதவீத நீரில்தான் அடிச்சேறு, மிச்சத் தீவனம், கழிவு எல்லாம் திரண்டு வரும். அந்தப் பங்கைத் தனிக் குட்டையில் தேக்கி, ஓரிரு நாள் படியவிட்டுத் திறந்தாலே சுமை வெகுவாகக் குறையும். ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்து அதிலேயே விடுகிற பண்ணைகளுக்கு இதில் சொந்த லாபமும் உண்டு. பக்கத்துப் பண்ணையின் நோய் அடுத்த ஏற்றத்தில் இவர்கள் குளத்துக்கு வராது.

மாதம் ஒரு முறை தண்ணீர் எடுத்துப் பரிசோதிக்கிறோம். முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. எங்கே தவறுகிறோம்?
— மாணவர் குழு, பரங்கிப்பேட்டை

பெரும்பாலும் நேரத்தில். கழிமுகத்தில் காலை எடுத்த நீரும் மாலை எடுத்த நீரும் இரண்டு வேறு நீர். ஆற்றிலிருந்து வருவதை அறிய வற்றின் கடைசியில் எடுங்கள், கடலிலிருந்து வருவதை அறிய ஏற்றத்தின் உச்சத்தில் எடுங்கள். ஒவ்வொரு மாதிரியோடும் உப்பின் அளவை எழுதுங்கள். உப்பு இல்லாத எண் கழிமுகத்தில் எதற்கும் உதவாது. மேல்மட்ட நீரை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் அடியில் தனியாக ஊர்ந்து வரும் கனமான உப்புநீரைத் தவறவிடுகிறீர்கள். மேலே ஒன்று, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் ஒன்று.

கரைந்த ஆக்சிஜனை மதியம் இரண்டு மணிக்கு அளந்தால் பாசி நிறைந்த குட்டையும் ஆரோக்கியமாகத் தெரியும். விடியலுக்கு முன் அளந்து பாருங்கள், மீன் சாவது அப்போதுதான். பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே மருந்து சேர்த்து நிலைப்படுத்துங்கள். மாதக் கணக்கோடு, பருவத்தின் முதல் பெருமழை வந்த அன்று ஐந்தாறு மாதிரிகள் கூடுதலாக எடுங்கள். கோடை முழுக்கச் சேர்ந்த அழுக்கு அந்த ஒரு நாளில் இறங்கும், மாதம் ஒருமுறை எடுப்பவர் கண்ணில் அது படவே படாது.

வெளிநாட்டில் இப்படித் திட்டம் போட்டு உண்மையிலேயே மீண்ட கழிமுகம் ஏதாவது உண்டா?
— வாசகி, திருச்சி

உண்டு, அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் டாம்பா விரிகுடா. மீண்டு, பிறகு சறுக்கியதும் அதுவே. அதனால்தான் படிக்கத் தகுந்தது.

அங்கே "தண்ணீரைச் சுத்தமாக்குவோம்" என்று ஆரம்பிக்கவில்லை. கடற்புல்லிலிருந்து பின்னோக்கி வந்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் சுமார் 21,600 ஏக்கர் புல் இருந்தது. அதை 38,000 ஏக்கராக்க வேண்டும். புல் வேண்டிய ஆழத்தில் பிழைக்க, மேலே விழும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அடிவரை எட்ட வேண்டும். அதற்குத் தண்ணீரில் பாசிப் பச்சையம் இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு நைட்ரஜன் இவ்வளவுதான் வரலாம். விரிகுடாவை நாலு பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஓர் எண். நகராட்சி, மின் நிலையம், பாஸ்பேட் ஆலை எல்லோரும் ஒரே கூட்டமைப்பில் உட்கார்ந்து, "மக்கள் தொகை கூடினாலும் சுமை கூடாது" என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1979-இலேயே, டாம்பா நகரத்தின் பெரிய சுத்திகரிப்பு நிலையம் மேம்படுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் நைட்ரஜனுக்கு லிட்டருக்கு 3 மில்லிகிராம் என்று சட்டமே வரம்பு போட்டது. மேலே சொன்ன 50,000 பேர் ஊருக்கு இந்த வரம்பைப் போட்டால் 270 கிலோ 16 கிலோவாகும். பினெல்லஸ் மாவட்டத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரை புல்தரைக்கு நைட்ரஜன் உரம் போடவே தடை, அது அவர்களுடைய மழைக்காலம். 2014-இல் புல் 40,000 ஏக்கரைத் தாண்டியது, 2016-இல் 41,655.

பிறகு விழுந்தது. 2022 கணக்கெடுப்பில் சுமார் 30,100 ஏக்கர்தான். வடமேற்குப் பகுதியான பழைய டாம்பா விரிகுடாவில் திரும்பத் திரும்பப் பாசி பூத்தது. 2021-இல் பைனி பாயிண்ட் என்ற பழைய உர ஆலையின் கழிவுக் குளம் கசிந்து, கரை உடையாமலிருக்க 21.5 கோடி காலன் நீரை விரிகுடாவில் விட்டார்கள். மூடிய ஆலையின் குளத்தைக் கணக்கில் வைக்காத திட்டம் இப்படித்தான் அடிபடும். அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள செசபீக் விரிகுடாவிலும் இதே ரகக் கோளாறு: அதன் நீர்ப்பிடிப்பு சுமார் 1,66,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடப் பெரியது. 2010-இல் ஆண்டுக்கு 18.59 கோடி பவுண்டு நைட்ரஜன் என்று வரம்பு கட்டினார்கள். சஸ்குவெஹானா ஆற்றின் கொனோவிங்கோ அணை வண்டலைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும் என்று கணக்கில் இருந்தது. அணையோ தூர்ந்துவிட்டது, பிடிப்பதை நிறுத்திவிட்டது. 2025 கெடு நிறைவேறாமலே போனதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இது நம் ஏரிகளுக்கும் பொருந்துகிற காரணம்.

கழிச் சேற்றில் பத்தாயிரம் அலையாத்திக் கன்று நட நாட்டு நலப்பணித் திட்டத்தில் அனுமதி கிடைத்திருக்கிறது. என்ன வகை நடலாம்?
— பேராசிரியர், திருவாரூர் மாவட்டம்

நடுவதற்கு முன், அந்தச் சேற்றில் இதுவரை ஏன் தானாக முளைக்கவில்லை என்று கேளுங்கள். பக்கத்தில் காடு இருந்தால் விதை மிதந்து வந்திருக்கும். முளைக்கவில்லை என்றால் இடம் சரியில்லை.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் நடந்தது இதற்குப் பாடம். பிரிட்டிஷ் காலத்திலிருந்து 1970-கள் வரை கூப்பு கூப்பாக, அதாவது பகுதி பகுதியாக, மொட்டையடித்து மரம் வெட்டினார்கள். வெயில் பட்ட களிமண் காய்ந்து இறுகி, நடுவில் தொட்டிபோலத் தாழ்ந்தது. ஓதநீர் உள்ளே வந்தால் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறியது. விதை எவ்வளவு விழுந்தாலும் செத்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து மீன்முள் வடிவ வாய்க்கால்கள் வெட்டி ஓதத்தை உள்ளே விட்டு வெளியே எடுத்த பிறகுதான் அது மாறியது.

அளவு தோராயமாக: முதன்மை வாய்க்கால் மேலே 3 மீட்டர், அடியில் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர் வரை. கிளைகள் அதைவிடச் சின்னவை, சாய்வாக வந்து சேர வேண்டும். அடிமட்டம் கழியை நோக்கி இறங்க வேண்டும், இதை டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துப் பாருங்கள். ஏறுகிற நீர் முழுக்க வடியவில்லை என்றால் நீங்கள் வெட்டியது இன்னொரு தொட்டி. கன்றை வாய்க்காலின் சரிவில் நடுவாக்கில் நடுங்கள். அடியில் நட்டால் மூழ்கும், மேட்டில் நட்டால் காயும். வெண்கண்டல் உப்பை நன்றாகத் தாங்கும், சுரபுன்னை அவ்வளவு தாங்காது, ஓடை விளிம்புக்கு ஏற்றது. ஓரடி ஆழக் குழியில் ஊறும் நீரின் உப்பைக் கோடையில் அளந்து பாருங்கள். கடல்நீரின் அளவான ஆயிரத்துக்கு 35 பங்கை வெகுவாகத் தாண்டினால் இந்த வருடம் நட வேண்டாம், வாய்க்கால் மட்டும் வெட்டுங்கள்.

கெட்டுப்போகும் விதங்கள்: ஆடு, மாடு மேய்வது, இளந்தண்டில் கொட்டலசு (பாறையிலும் படகிலும் ஒட்டும் சிறு ஓட்டுயிர்) ஒட்டிச் சாய்ப்பது, கிழிந்த வலையும் பாலித்தீனும் சுற்றிக்கொள்வது. எல்லாவற்றையும்விட அதிகம் கெடுப்பது, இரண்டு மூன்று வருடத்தில் வாய்க்கால் தூர்ந்த பிறகு தூர்வாரப் பணம் இல்லாமல் போவது. கேட்கும் தொகையில் பாதியை அதற்கு ஒதுக்குங்கள். வற்றில் வெளித் தெரியும் வெறும் சேற்றுவெளியில், நண்டும் உள்ளானும் மேயும் இடத்தில், எதையும் நடாதீர்கள். அது காலி இடமல்ல. பத்தாயிரம் என்ற எண்ணும் வேண்டாம். மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு இருக்கிறது என்பதை இலக்காக எழுதுங்கள்.

ஆற்று நீர் கடலில் கலந்து வீணாகாமல் கடைமடையிலேயே தடுப்பணை கட்டினால் கழிமுகத்துக்கும் நல்லதுதானே?
— விவசாயி, மயிலாடுதுறை

நிலத்தடி உப்பைத் தடுக்க உதவும், அது உண்மை. கழிமுகத்துக்கு நல்லதா என்பது கதவை எப்போது திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. இறால், மடவை, நண்டுக் குஞ்சுகள் உப்புக் குறைந்த நீரைத் தேடித்தான் உள்ளே வருகின்றன. ஆற்று வண்டல் இல்லாமல் கடற்கரை நிற்காது. காவிரி நடுவர் மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பே, 740 டி.எம்.சி.யில் (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) 10 டி.எம்.சி.யைச் சுற்றுச்சூழலுக்கும் 4 டி.எம்.சி.யைத் தவிர்க்க முடியாமல் கடலில் சேர்வதற்கும் தனியாக ஒதுக்கியிருக்கிறது.

ஒரு டி.எம்.சி. என்பது ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடுவதற்குச் சமம். அதையே ஒரு மாதம் பரப்பினால் சுமார் 386 கன அடி. வெள்ளத்தில் ஒரே நாளில் போவதைவிட, மழை முடிந்த தை, மாசியில் இப்படிச் சன்னமாக விடுவது குஞ்சுகளுக்குப் பல மடங்கு பயன். கதவை ஒரேயடியாகத் திறந்தால் உப்பு சில மணி நேரத்தில் விழுந்து கிளிஞ்சல்கள் செத்து மிதக்கும். எனவே அணைக்கு மனுக் கொடுக்கும்போதே திறப்பு அட்டவணையையும் சேர்த்துக் கொடுங்கள்: எந்த மாதம், எத்தனை கன அடி, எத்தனை மணி நேரத்தில் படிப்படியாக. மீன் ஏற வழி ஒன்றும் கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.

எத்தனை துறைகளிடம் போக வேண்டும்?
— வாசகர், பழவேற்காடு

நீர்வளத் துறை, வனத்துறை, மீன்வளத் துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், உள்ளாட்சி, கடலோர மண்டல ஆணையம். குறைந்தது ஆறு. மனுவை ஆறாகப் பிரித்து, ஒவ்வொரு துறையிடமும் அதன் அதிகாரத்துக்குள் இருக்கிற ஒரே ஒரு வேலையை, அளவோடும் இடத்தின் சர்வே எண்ணோடும் கேளுங்கள். "கழியைக் காப்பாற்றுங்கள்" என்ற மனு ஆறு மேசையையும் சுற்றிவந்து உங்களிடமே திரும்பும்.